ஸ்டெப்னி இல்லாத எலெக்ட்ரிக் காரில் பஞ்சர்: முதலில் காற்று, கடைசியில்தான் சீலன்ட்

கடலூர், புதுச்சேரி பக்கம் எலெக்ட்ரிக் கார் வாங்குகிற பலரும் ரேஞ்ச் எவ்வளவு, சார்ஜர் எங்கே, பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. டியாகோ இவி, எம்ஜி காமெட் மாதிரி பல வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது. ஒரே மாடலிலேயே ஒரு வேரியன்ட்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் டிக்கித் தரையில் இருக்கும் விரிப்பைத் தூக்கி இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இது கம்பெனி ஏமாற்றிய விஷயம் இல்லை. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டிரைவரோடு சேர்த்து 9 பேர் வரை உட்காரும், 3.5 டன்னைத் தாண்டாத வண்டியில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ் வசதியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இவியில், அதாவது எலெக்ட்ரிக் வண்டியில், தரைக்கு அடியில் பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, எடையும் ஏற்கெனவே அதிகம், ஸ்டெப்னியை எடுத்தால் டிக்கியும் கொஞ்சம் பெரிதாகும், எடையும் குறையும். காரணம் அவ்வளவுதான். ஸ்டெப்னி இல்லை என்றால் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூடப் பெரும்பாலும் இருக்காது, இதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கிட்டைத் திறந்தால் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன கம்ப்ரெஸ்ஸர் இருக்கும், கூடவே ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் வெள்ளைத் திரவம் நிரப்பிய ஒரு சீலன்ட் பாட்டில். பதற்றத்தில் எல்லோரும் முதலில் கை வைப்பது அந்த பாட்டிலில்தான். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர்: பாட்டில் கடைசி வழி. நம் ஊரில் ஆகும் பஞ்சரில் பெரும்பாலானவை ஆணியோ முள்ளோ குத்தி மெதுவாக இறங்குகிறவை. கம்ப்ரெஸ்ஸரால் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரை போய்விடலாம். வெள்ளை எழுத்தில் பஞ்சர் என்று எழுதிய பழைய டயரைத் தொங்கவிட்ட கடை நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர் வரையிலான இருபது சொச்சம் கிலோமீட்டரில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி என்று வரிசையாக ஊர்கள். இந்த வசதி இருக்கும்போது டயருக்குள் பசையைக் கொட்டிக்கொள்ள அவசரம் ஏன்?

விளக்கு எரிந்ததும்

குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. மஞ்சள் நிறத்தில் இது எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சில வண்டிகளில் எந்த டயர், எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று எண்ணோடு காட்டும். எண் 33-லிருந்து 29-க்கு இறங்கி அங்கேயே நின்றால் நிதானமாக ஓரம் கட்டலாம். கண்ணெதிரே 25, 22 என்று சரிந்துகொண்டே போனால் உடனே நிறுத்தியாக வேண்டும், கடை ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது. காற்று இல்லாத டயரில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துவிடும், அதற்குச் சில நூறு மீட்டர் போதும். கடையில் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ரப்பர் தூள் உதிர்ந்து கிடக்கும். அதற்கு அப்புறம் எந்த ஒட்டும் உதவாது, புது டயர்தான். இவி எடை கூடிய வண்டி என்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நிறுத்தும் விதத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி கொஞ்ச தூரம் உருண்டு போகும், இவியில் ரீஜென், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் வசதி, அதிகமாக வைத்திருந்தால் காலை எடுத்ததுமே பிரேக் போட்டது போலப் பிடிக்கும். அந்தப் பிடி மோட்டார் இணைந்திருக்கும் சக்கரத்தில் விழுகிறது, பஞ்சரானதும் அதே சக்கரமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள், ஹசார்ட் லைட்டைப் போட்டு இடது ஓரம் வாருங்கள்.

இடம் முக்கியம். பாலத்தின் மேல், வளைவில், சென்டர் மீடியன் ஓரமாக நிற்கவே வேண்டாம். வலது பக்க டயர் என்றால் நீங்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பது பஸ் போகும் பக்கம், அந்த ரோட்டில் தனியார் பஸ் எப்படி வரும் என்று தெரியுமே. அகலமான இடம் கிடைக்கும் வரை நடக்கும் வேகத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள், டயர் போனால் போகட்டும். வண்டியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தை நெடுஞ்சாலையில் ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வைத்துவிடுங்கள்.

பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒரு பக்கம் திருப்புங்கள், ரோட்டில் படும் முகம் வெளியே தெரியும். பின் டயர் என்றால் யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டு அரை அடி, ஓர் அடி முன்னால் நகர்த்துங்கள். ஜாக்கி இல்லாமலே முக்கால்வாசி ஆணிகளைக் கண்டுபிடித்துவிடலாம். சந்தேகமான இடத்தில் தண்ணீரை ஊற்றுங்கள், குமிழி வந்தால் ஓட்டை அதுதான். ஆணி இருந்தால் பிடுங்காதீர்கள். அது குத்திக்கொண்டு நிற்கும் வரைக்கும் ஓரளவு அடைப்பாகவும் இருக்கிறது.

தரையில் படும் பகுதியில் ஆணி, திருகு, கருவேல முள், லாட ஆணி இப்படி எது குத்தியிருந்தாலும் பிரச்சினை சின்னது. பக்கச்சுவரில் கிழிசல், புடைப்பு, விரல் நுழையும் வெட்டு என்றால் கம்ப்ரெஸ்ஸரும் வேண்டாம், சீலன்ட்டும் வேண்டாம், நேராக டோ வண்டிக்குப் போன் போடுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் இந்த இரண்டாவது வகை கூடிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அதற்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி நாட்களில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் எவ்வளவு ஆழம், ஓரம் எவ்வளவு கூர்மை என்று எதுவும் தெரியாது. வேகமாக இறங்கினால் டயர் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் மாட்டிப் பக்கவாட்டில் வெட்டுப்படும். தண்ணீர் நிற்கும் ரோட்டில் மெதுவாகப் போவதைத் தவிர இதற்கு வைத்தியம் இல்லை.

காற்று அடிப்பது

கம்ப்ரெஸ்ஸர் வயரை 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகுங்கள். இங்கே இவிக்கே உரிய ஒரு சமாச்சாரம்: வண்டியை ஆக்ஸசரியில் மட்டும் வைத்துக்கொண்டு அடிக்காமல் ரெடி நிலைக்கு, அதாவது வண்டி ஓடத் தயாராக இருக்கும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். இவியிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு, கதவு பூட்டு, லைட், கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ரெடியில் இருக்கும்போது பெரிய பேட்டரி இதைச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும். பழைய 12 வோல்ட் பேட்டரியில் ரெடி இல்லாமல் ஹசார்ட் லைட்டும் கம்ப்ரெஸ்ஸரும் சேர்ந்து ஓடினால் அது இறங்கிப்போய் வண்டியே எழுந்திருக்காது, பஞ்சரோடு இன்னொரு வேலை சேரும். ரேஞ்ச் குறையுமோ என்ற கவலை வேண்டாம். 12 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 120 வாட், பத்து நிமிஷம் ஓடினால் 20 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு.

ஆனால் ரெடியில் இருக்கும் இவி சத்தமே போடாது. கியர் பி-யில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், டிரைவர் சீட்டில் குழந்தை ஏறி உட்காரக் கூடாது. இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

வால்வு மூடியைக் கழற்றி பாக்கெட்டில் போடுங்கள், கீழே வைத்தால் மண்ணில் போய்விடும். கடற்கரைக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிற வீடுகளில் உலோக மூடி உப்புக் காற்றில் இறுகிப் பிடித்திருக்கும், அப்படி இருந்தால் வீட்டிலேயே பிளாஸ்டிக் மூடியாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. குழாயை வால்வில் இறுக்கமாகத் திருகுங்கள், உஸ்ஸென்று சத்தம் கேட்டால் சரியாக உட்காரவில்லை. சுவிட்சைப் போட்டு, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு வரை ஏற்றுங்கள். முழுக்க இறங்கிய டயருக்கு ஐந்து முதல் பத்து நிமிஷம் ஆகும். பத்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து ஓடவிட்டால் மோட்டார் சூடாகிவிடும், கொஞ்சம் ஆறவிட்டு அப்புறம் போடுங்கள்.

அளவு வந்ததும் அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்று மறுபடி அளந்து பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐதான் இறங்கியது என்றால் நிதானமாகப் பக்கத்துக் கடைக்கு ஓட்டலாம், திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டே. ஐந்து நிமிஷத்தில் பத்து இறங்கினால் ஓட்டை பெரிது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் மாட்டிக்கொண்டால் கடைக்குப் போக முதலில் இறங்கி சர்வீஸ் ரோட்டைப் பிடிக்க வேண்டியிருக்கும், அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் சொல்ல வேண்டியது

பஞ்சர் கடை அண்ணன்களுக்குத் தொழில் தெரியும், இவியின் அடிப்பாகம்தான் சிலருக்குப் பழக்கமில்லை. அதனால் வண்டியை நிறுத்தியதுமே, "அண்ணே, இது எலெக்ட்ரிக் வண்டி, அடியில முழுக்க பேட்டரி இருக்கு, ஜாக்கிய நான் காட்டுற இடத்துல மட்டும் வைங்க" என்று சொல்லிவிடுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னாலும், பின் சக்கரத்துக்கு முன்னாலும், கதவுக்கு அடியில் இருக்கும் விளிம்பில் ஜாக்கி வைக்கும் இடம் இருக்கும், பல வண்டிகளில் சின்ன அம்புக்குறியோ வெட்டோ அடையாளம் உண்டு. கையேட்டில் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் காட்டிவிடலாம். ட்ராலி ஜாக்கியை நடுவில் தள்ளித் தூக்கினால் அது பேட்டரிப் பெட்டியின் மேலேயே ஏறும். பெட்டி நசுங்கினால் டயர் செலவெல்லாம் ஒரு செலவே இல்லை. பாதி நேரம் கழற்றவே தேவையில்லை, ஆணி வெளியே தெரிகிற மாதிரி சக்கரத்தை நிறுத்தினால் அப்படியே ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் போட்டுவிடுவார்கள்.

ஸ்ட்ரிப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது, நல்ல வேலைக்கும் அரைகுறை வேலைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கட்டிங் பிளேயரால் ஆணியை அது போன சாய்விலேயே இழுப்பார்கள். அரம் மாதிரி முறுக்கிய ஊசியை அதே சாய்வில் உள்ளே விட்டு நாலைந்து தடவை மேலும் கீழும் தேய்ப்பார்கள், ஓட்டையின் உள் சுவர் சொரசொரப்பானால்தான் பசை பிடிக்கும். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் பத்து நாளில் மறுபடி இறங்கும். அப்புறம் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் கோத்து, பசை தடவி, இரண்டு முனையும் கொஞ்சம் வெளியே நிற்கும் அளவுக்கு அழுத்தி ஏற்றி, ஒரே இழுப்பில் ஊசியை மட்டும் உருவுவார்கள். வெளியே நீட்டியிருப்பதை டயர் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். கடைசியில் சோப்புத் தண்ணீர். ஒரு சின்னக் குமிழிகூட வரக் கூடாது, வந்தால் இன்னொரு ஸ்ட்ரிப் போடச் சொல்லுங்கள்.

நடுப்பகுதியில் ஆன சின்ன ஓட்டைக்கு இது போதும். டயரின் தோள்பட்டை ஓரத்தில், அதாவது தரைப்பகுதி முடிந்து சுவர் தொடங்கும் வளைவில் என்றால் ஸ்ட்ரிப்பை நம்பி நெடுஞ்சாலை போகாதீர்கள். ஓட்டை கொஞ்சம் பெரியது என்றால் டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போடும் கடைக்குப் போங்கள், அதற்கு மெஷின் வைத்திருக்கும் டயர் கடை வேண்டும், புதுச்சேரியிலும் கடலூரிலும் அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன. உள்ளே டியூப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசிச் சூடாகும், அது வெடித்தால் காற்று ஒரே நொடியில் போகும். விலை உயர்ந்த சில இவிகளின் டயரில் சத்தம் குறைக்க உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள், அதில் உள்ளிருந்து பேட்ச் போட அந்த இடத்து ஸ்பாஞ்சை வெட்டி எடுக்க வேண்டும், இதைக் கடையில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சீலன்ட் எப்போது

இரவு பதினொரு மணி, கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை, காற்று அடித்தால் நிற்கவில்லை, ஓட்டை நடுப்பகுதியில்தான் இருக்கிறது. அப்போது பாட்டிலை எடுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது. முதலில் அதன் மேல் இருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து வருஷத்தில் காலாவதியாகிவிடும், நம் ஊர் வெயிலில் டிக்கிக்குள் வேகும் பாட்டிலைத் தேதி தாண்டி நம்ப வேண்டாம்.

நன்றாகக் குலுக்கி, கம்ப்ரெஸ்ஸரில் பொருத்தி, குழாயை வால்வில் திருகி, கம்ப்ரெஸ்ஸரைப் போடுங்கள். திரவம் உள்ளே போகும்போது மீட்டர் முள் திடீரென்று மிக உயரமாகப் போய், அரை நிமிஷம் போல நின்று, பிறகு இறங்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள், வால்வு வழியாகக் கெட்டியான திரவம் போவதால்தான் அப்படி. அளவு வந்ததும் காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும், டயர் சுற்றினால்தான் திரவம் பரவி ஓட்டையை அடைக்கும். அளவே ஏறவில்லை என்றால் குழாயைக் கழற்றிவிட்டு வண்டியைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி முயலலாம், அப்போதும் ஏறவில்லையா, விட்டுவிடுங்கள். கிளம்பிய பிறகு பத்து நிமிஷத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். 19 பிஎஸ்ஐக்குக் கீழே போயிருந்தால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. வேகம் 80-ஐத் தாண்டக் கூடாது என்று கிட்டில் ஸ்டிக்கரே இருக்கும், அதை ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டச் சொல்வார்கள். நம் ரோட்டில் 50, 60 போதும்.

கடைக்குப் போனதும் உள்ளே சீலன்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்வது மரியாதை. சொல்லாமல் விட்டால் டயரைக் கழற்றுகிறவர் மேலெல்லாம் தெறிக்கும். அதைக் கழுவித் துடைத்துத்தான் பேட்ச் போட முடியும், சக்கரத்துக்குள் டிபிஎம்எஸ் சென்சார் இருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும், சில சமயம் சென்சாரே வீணாகிவிடும். டயரை மாற்றிவிடுங்கள் என்று சொல்கிற கடைகளும் உண்டு. பாட்டிலைக் கடைசி வழி என்று சொன்னது இதனால்தான். பயன்படுத்திய பாட்டிலுக்குப் பதில் புதுசு வாங்கி வைக்க மறக்க வேண்டாம்.

டோ வண்டி

பக்கச்சுவர் கிழிந்துவிட்டது என்றால் கம்பெனி ரோடுசைடு அசிஸ்டன்ஸ் எண்ணுக்கு, அது இல்லையென்றால் இன்ஷூரன்ஸில் அந்த வசதி சேர்த்திருக்கிறீர்களா என்று பார்த்து அங்கே கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் ஆபத்தான இடத்தில் நின்றுவிட்டால் 1033, வேறு அவசரம் என்றால் 112. போனை எடுப்பவர் வேறு ஊரில் இருப்பார், அவரிடம் முள்ளோடைக்கு இந்தப் பக்கம் என்றால் புரியாது. புதுச்சேரியா தமிழ்நாடா என்பதைத் தெளிவாகச் சொல்லி லொகேஷனை அனுப்பிவிடுங்கள், இந்த ரோட்டில் எல்லை மாறுவதால் வண்டி அனுப்புவதில் குழப்பம் வரும்.

"ஃபிளாட்பெட் வண்டிதான் வேண்டும்", அதாவது காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, என்று முதலிலேயே அழுத்திச் சொல்லுங்கள். மோட்டார் இணைந்த சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால் அந்த மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடும், சூடாகி உள்ளே சேதமாகலாம். கயிறு கட்டி இழுக்கிறேன் என்று உதவிக்கு வருகிறவர்களிடமும் இதைப் பணிவாகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

உள்ளூரில்தான் அதிகம் ஓட்டுகிறீர்கள் என்றால் என் யோசனை இது: அதே அளவில் ஒரு டயரும் ரிம்மும் வாங்கி வீட்டில் வையுங்கள், டிக்கியில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். பாகூரிலோ நெல்லிக்குப்பத்திலோ நின்றுவிட்டால் மச்சானோ தம்பியோ ஒரு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம், அதோடு ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வர வேண்டும். ரிம் வாங்கும்போது போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்துகிறதா என்று உங்கள் வண்டியில் மாட்டியே பார்த்து வாங்குங்கள். டயரில் அளவோடு சேர்த்து எழுதியிருக்கும் எடை தாங்கும் எண், பழைய டயரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது, ஏனென்றால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பெட்ரோல் காரின் டயர் இவியின் எடைக்குப் போதாமல் இருக்கலாம்.

பஞ்சர் போட்டு வந்த மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை காற்றை அளந்து பாருங்கள். மற்ற மூன்றோடு ஒத்துப்போனால் ஒட்டு பிடித்திருக்கிறது. இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைந்திருந்தால் அன்றைக்கே அதே கடைக்குத் திரும்பிப் போங்கள், சரியாக வேலை செய்கிறவர் மறுபடி பார்த்துக் கொடுப்பார். டிபிஎம்எஸ் விளக்கு அணையவில்லை என்றால் காற்று சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, மெனுவில் ரீசெட் கொடுங்கள்.